எழுவான்கரையில் வீடு, படுவான்கரையில் வயல்

குருமண்வெளித் துறையில் பாதை ஏறினால் கால் மணி நேரத்துக்குள் மண்டூரில் இறங்கிவிடலாம். எங்கள் ஊரில் 'பாதை' என்றால் தெரு அல்ல. ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் சில வேளை உழவு மெசினையும் ஏற்றிக்கொண்டு மட்டக்களப்பு வாவியைக் கடக்கும் தட்டையான மிதவையைத்தான் அப்படிச் சொல்வோம். 2010 ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலை, பத்து மூடை விதைநெல்லோடு அதில் ஏறினேன். அதுவரை அந்தக் கரையிலிருந்த எங்கள் வயலுக்கு நான் போனதெல்லாம் தைப்பூசத்துக்குப் புதிர் (புது நெற்கதிர்) எடுக்கவும், அறுவடையில் களவெட்டிக்கு, அதாவது சூடடிக்கும் களத்துக்கு, சாப்பாடு கொண்டுபோகவும்தான். படிப்பித்தல்தான் என் தொழில். அம்மா முந்தின வருடம் காலமானபின், சீதனமாக எனக்கு எழுதிய 3 ஏக்கர் உறுதிக் காணியையும், அவர் பெயரிலிருந்த, அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த 2 ஏக்கர் பேமிற் காணியையும் பார்க்க வேறு ஆள் இல்லை.

இலங்கையின் கிழக்கு மாகாணத்தை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கடலுக்கும் வாவிக்கும் நடுவே வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் மணல் நிலம்தான் எழுவான்கரை. சூரியன் எழும் பக்கம். வாவிக்கு மேற்கே, சூரியன் படும் பக்கம் படுவான்கரை. மணலில் தென்னையும் வீடும் பள்ளிக்கூடமும் கடையும். மேற்கே வயலும் குளமும் காடும் மாட்டுப்பட்டியும். ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமுள்ள வாவி இரண்டையும் பிரிக்கிறது. ஆனால் எங்கள் பக்கத்து ஆட்களின் வாழ்க்கை ஒரு கரையோடு முடிவதில்லை. இங்கே வீடு, அங்கே வயல், நடுவில் மீன். அக்கரைப்பற்று வரை போய்ப் பாருங்கள், தமிழர் ஊரானாலும் முஸ்லிம் ஊரானாலும் இதே அமைப்புத்தான்.

முதல் நாள் வரம்பில் இறங்கியதும் முல்லைக்கார மாமா சொன்ன முதல் வார்த்தை: "செருப்பக் கழட்டிட்டு வாகா பிள்ள. வரம்பு வழுக்கும்." அவருக்கு அப்போதே எழுபது வயது. அந்தக் காலத்தில் பெரிய போடியார்மார் (நிலச்சொந்தக்காரர்) வித்தும் மாடும் கொடுக்க, முல்லைக்காரர் வயலில் வாடி (குடில்) கட்டித் தங்கி, விதைப்பிலிருந்து சூடு மிதிப்பு வரை பார்த்து ஒரு பங்கு எடுப்பார். இப்போது அநேகமாகக் குத்தகையும் கூலியும்தான். இந்த மாமா மட்டும் என் தாய்வழிப் பாட்டனாரின் காலத்திலிருந்து அந்த நிலத்தோடு இருந்தவர். நிலத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அவர் வாயால் வந்தது.

மீதிப் பாதி அனுபவத்தால் வந்தது, அதற்கு விலையும் கொடுத்தேன்.

அந்த முதற்போகமே வெள்ளத்தில் போனது. 2011 ஜனவரி. வேளாண்மை, அதாவது நெற்பயிர், கதிர் வெளிவர முந்தின குடலைப் பருவம். மழை நாட்கணக்கில் விடவில்லை. குளங்கள் நிரம்பி வான் (கலிங்கு) பாய்ந்தது, வாவி நிரம்பியது, ஆற்றுநீர் வடிய இடமில்லாமல் வயலிலேயே நின்றது. பட்டிருப்புப் பாலத்தில் நின்று பார்த்தபோது எது வாவி, எது வயல் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டு கிழமை கழித்துத் தண்ணீர் வடிந்தபின் பயிரைப் பிடுங்கினேன். வேர் கறுத்து, அழுகின முட்டை மணம் வந்தது.

வெள்ளத்தைவிட அதன்பிறகு நடந்ததுதான் எனக்குப் பெரிய பாடம். இழப்பீட்டுக்கு விண்ணப்பிக்கப் போனேன். விதைத்த திகதிக்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். என்னிடம் எதுவும் இல்லை. போக ஆரம்பக் கூட்டத்துக்கு நான் போகவில்லை, வயல் ஒழுங்குகளைப் பார்க்கும் வட்டவிதானையின் பதிவேட்டில் என் பெயர் இல்லை, அம்மாவின் பெயர்தான் இருந்தது. இறந்தவருக்கு இழப்பீடு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்த அலுவலகத்து வாங்கில் உட்கார்ந்திருந்த நேரம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அன்று முதல் இன்று வரை ஒரு கூட்டத்தையும் விட்டதில்லை. விதைத்த அன்று, களைநாசினி அடித்த அன்று, பூத்த அன்று என்று திகதியோடு கைபேசியில் படம் எடுத்து வைக்கிறேன். கமநல சேவை நிலையத்தில் பதிவுத் துண்டை வாங்கி, பொலித்தீன் உறையில் போட்டு, வீட்டு அலுமாரியில் வைக்கிறேன். புதிதாக வயல் செய்ய வருகிற எவரும் உழவுக்கு முன்னமே இதைச் செய்துவிட வேண்டும்.

கூட்டம் என்று சொன்னது வெறும் சடங்கல்ல. எந்த நாளில் குளத்துக் கதவு திறப்பது, எந்த நாளுக்குள் எல்லாரும் விதைத்து முடிப்பது, மாடுகளை எப்போது வயற்பக்கத்திலிருந்து அகற்றுவது என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். மாரி மழையை நம்பி ஒக்டோபர், நவம்பரில் விதைத்து மாசி, பங்குனியில் அறுப்பது பெரும்போகம். சித்திரையில் தொடங்கி ஆவணியில் அறுப்பது சிறுபோகம், அதற்குக் குளத்துநீர் வேண்டும். இங்கே நாற்று நடுகை குறைவு, வீச்சு விதைப்புத்தான். ஒரு வட்டையில் (வயல்வெளியில்) எல்லாரும் பத்து நாளுக்குள் விதைத்தால் அறக்கொட்டியான் பூச்சியும் எலியும் குருவியும் செய்யும் சேதம் எல்லார் வயலுக்கும் பகிர்ந்து போகும். ஒருவர் மட்டும் பிந்தினால் அத்தனையும் அவர் வயலில்தான் வந்து இறங்கும். 2013இல் பரீட்சைக் கடமையால் மூன்று கிழமை பிந்தினேன். எல்லாரும் அறுத்து முடித்த வெளியில் என்னுடைய மூன்று ஏக்கர் மட்டும் பச்சையாக நின்றது, அறக்கொட்டியான் நடுவில் வட்டம் வட்டமாக எரித்துவிட்டிருந்தது.

விதைநெல் பற்றியும் சொல்லவேண்டும். முதல் வருடம் ஏக்கருக்கு ஐந்து புசலுக்கு மேல் வீசினேன், கூட வீசினால் கூட விளையும் என்று நினைத்து. இப்போது இரண்டு, மிஞ்சினால் இரண்டரை. விதைக்க முன் நூறு நெல்லை எண்ணி ஈரச் சாக்கில் சுற்றி வைத்து, 85க்கு மேல் முளைத்தால்தான் எடுப்பேன். 94-1 என்கிற நெல்லினம் எங்கள் மண்ணுக்கு ஒத்துப்போகிறது. வீட்டுக்கென்று ஒரு துண்டில் பச்சைப்பெருமாள் போடுகிறேன். அந்தச் சிவப்புச் சோற்றுக்கு வாவி இறால் குழம்பைவிடப் பொருத்தமான கறி எனக்குத் தெரியாது.

தண்ணீர் வடியாமைக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தப் பகுதியின் பழைய பிணக்கெல்லாம் அங்கேதான் இருக்கிறது. வாவி கடலோடு சேருமிடம் முகத்துவாரம். வருடத்தில் பல மாதம் மணல் அடைத்துக்கிடக்கும். பெருமழையில் அதை வெட்டிவிட்டால் வெள்ளம் கடலுக்கு ஓடும், வயல் தப்பும். ஆனால் முந்தி வெட்டினால் வாவியில் வளர்ந்துகொண்டிருக்கிற இறாலும் மீனும் கடலுக்குப் போய்விடும், உப்பு உள்ளே ஏறும். விவசாயி 'இன்றைக்கே வெட்டு' என்பான். மீனவன் 'இன்னும் நாலு நாள் பொறு' என்பான். கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) இரு பக்கமும் உட்கார்ந்து பேசித்தான் நாள் குறிப்பார்கள். நான் முதலில் விவசாயி பக்கம் மட்டும் பேசினேன். பிறகு கல்லாற்றில் என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி, அவளுடைய அப்பா வீச்சுவலை போடுபவர், "டீச்சர், போன வருசம் வெட்டினதால எங்களுக்குத் தை மாசம் முழுக்க வருமானம் இல்ல" என்றாள். அதற்குப் பிறகு கூட்டத்தில் என் பேச்சு மாறிவிட்டது. தாழ்வான நிலத்து வயல்காரர் முன்கூட்டியே விதைத்து மார்கழிக்குள் பயிரை உயர்த்திக்கொண்டால் வெட்டும் நாளைச் சற்றுத் தள்ளலாம். எங்கள் வட்டையில் சில வருடம் அப்படிச் செய்தும் பார்த்தோம். எல்லா வருடமும் சரிவராது. மழைதானே முடிவு சொல்வது.

இந்த நெல்லுக்காகவும் இந்த வாவி வாசலுக்காகவும்தான் வெளியார் இங்கே வந்தார்கள். கண்டி அரசனைக் காண வந்த ஒல்லாந்தத் தளபதி ஸ்பில்பேர்கன் 1602இல் இறங்கியது மட்டக்களப்பில். போர்த்துக்கேயர் 1628இல் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள், பத்து வருடத்தில் ஒல்லாந்தர் பிடித்தார்கள். பிரித்தானியர் 1833இல் இதைக் கிழக்கு மாகாணமாக்கினார்கள். 1850களில் தேசாதிபதி வார்ட் இறக்காமம், அம்பாறைக் குளங்களைத் திருத்தினார். சுதந்திரத்துக்குப் பிறகு 1949இல் பட்டிப்பளை ஆற்றை மறித்துக் கல்லோயாத் திட்டம் தொடங்கியது. பெரிய நீர்த்தேக்கம் வந்தது, புதிய வயல்கள் வந்தன, வெளிமாவட்டங்களிலிருந்து சிங்களக் குடும்பங்கள் குடியேற்றப்பட்டன. 1956இல் அங்கே இனக்கலவரம் வெடித்தது. 1961இல் மட்டக்களப்பு மாவட்டத்தின் தெற்குப் பகுதி அம்பாறை மாவட்டமாகப் பிரிந்தது. குடியேறி வந்த ஏழைக் குடும்பத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் நிலத்தைப் பங்கிட்டவர்கள் ஏற்கெனவே அங்கே வாழ்ந்தவர்களின் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும். அந்த ஒன்றைச் செய்யாததன் பலனை மூன்று தலைமுறையாக அனுபவிக்கிறோம்.

காணி விசயம் என்னுடைய சொந்த வீட்டுக்குள்ளும் வந்தது. மட்டக்களப்பில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் 'குடி' என்கிற குலம் தாய்வழியாகத்தான் வரும். வீடும் வளவும் பெண்பிள்ளைக்கு, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். ஒல்லாந்தர் காலத்திலும் பிரித்தானியரின் ஆரம்ப காலத்திலும் முக்குவர் சட்டம் என்று இதை நீதிமன்றமே ஏற்றிருந்தது. பிறகு பொதுச் சட்டம் வந்து அது நீதிமன்றத்தை விட்டுப் போனது, வீடுகளை விட்டுப் போகவில்லை. ஆனால் அரசாங்கம் கொடுக்கும் பேமிற் காணிக்கு 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டம். அதில் உரிமையாளர் பின்னுரித்தாளரைக் குறித்து வைக்காமல் இறந்தால், மகளுக்கு முன்னால் மகன் என்றே நீண்ட காலம் இருந்தது. திருத்தம் வந்ததெல்லாம் அண்மையில்தான். அம்மா யாரையும் குறித்து வைக்கவில்லை. மகளுக்குத்தானே போகும் என்ற நம்பிக்கை. காணி சட்டப்படி சுவிஸில் இருக்கிற என் அண்ணனுக்குப் போனது. அவர் நல்லவர், "உனக்குத்தான் தங்கச்சி, எங்க கையெழுத்துப் போடணும் சொல்லு" என்றார். அப்படியிருந்தும் மூன்று வருடம், எத்தனையோ கடிதம், அவர் இரண்டு தரம் விமானம் ஏறி வரவேண்டியதாயிற்று. அண்ணன் தங்கை பகையான வீடுகளில் அந்த வயல் தரிசாகவே கிடக்கிறது, நான் நாலைந்து காட்டமுடியும். பேமிற் காணி வைத்திருப்பவர்கள் உயிரோடு இருக்கும்போதே பிரதேச செயலகத்துக்குப் போய்ப் பின்னுரித்தாளர் பெயரைப் பதிந்துவிடுங்கள். இடம்பெயர்வில் உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுத்துவிடுங்கள்.

இடம்பெயர்வு என்று எழுதும்போது கை கொஞ்சம் நிற்கிறது. யுத்த காலத்தில் படுவான்கரையின் பெரும்பகுதி இயக்கத்தின் (விடுதலைப் புலிகளின்) கையிலும் எழுவான்கரை இராணுவத்தின் கையிலும் இருந்தன. பட்டிருப்புப் பாலத்தில் சோதனைச்சாவடி. யூரியா கொண்டுபோக அனுமதி வேண்டும், வெடிமருந்துக்குப் போகுமாம். அம்மா ஐந்து கிலோவைச் சோற்றுப் பாத்திரத்தின் அடியில் வைத்துக்கொண்டு நெஞ்சு படபடக்கப் பாலம் கடந்ததைச் சொல்லியிருக்கிறார். 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். செப்டெம்பரில் சத்துருக்கொண்டானில் பெண்களும் குழந்தைகளுமாகத் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். அதோடு தமிழர், முஸ்லிம் ஊர்களுக்கு நடுவிலிருந்த கொடுக்கல் வாங்கலும் அறுந்தது. எங்கள் நெல்லை வாங்கி அரைப்பவர்கள் சம்மாந்துறை, காத்தான்குடி, ஏறாவூர் முஸ்லிம் முதலாளிமார். படுவான்கரையில் வயல் வைத்திருந்த முஸ்லிம் குடும்பங்கள் போக முடியாமல் பல வருடம் கைவிட்டன. நெல் விளைந்தும் வாங்க ஆள் இல்லை, ஆலை இருந்தும் அரைக்க நெல் இல்லை.

அந்த உறவு மீண்டு வந்ததை நான் என் வயலில் கண்டேன். 2012 அறுவடைக்குச் சம்மாந்துறையிலிருந்து வெட்டு மெசினோடு ஒரு நானா (முஸ்லிம் அண்ணன்) வந்தார். முல்லைக்கார மாமா அவரை உற்றுப் பார்த்துவிட்டு, "நீ இன்னாருடைய மகனோ?" என்று கேட்டார். அந்த நானாவின் வாப்பா (அப்பா) 1980களில் இதே வட்டையில் உழவு மெசின் ஓட்டியவராம். இருவரும் வரம்பில் குந்தியிருந்து ஒரு மணி நேரம் பேசினார்கள். மெசின் சும்மா நின்றது. எனக்குக் கூலி ஏறுகிறதே என்று அவசரம், ஆனாலும் ஒன்றும் பேசாமல் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். இன்றும் அறுவடைக்கு அவரைத்தான் கூப்பிடுகிறேன். ஈரவயலில் மெசின் இறக்க முடியாத வருடம், "டீச்சர், ரெண்டு நாள் பொறுங்க, இப்ப வெட்டினா நெல்லு சிந்தும்" என்று தன் வருமானத்தை விட்டுச் சொல்கிற ஆள்.

விற்பனையில் நான் ஏமாந்த கதையும் உண்டு. எங்கள் பக்கம் ஒரு மூடை 66 கிலோ என்று கணக்கு. வயலுக்கே லொறியோடு வந்த ஒரு வியாபாரி, தன் தராசில் நிறுத்து, ஈரக் கழிவென்று மூடைக்கு மூன்று கிலோ வெட்டினார். ஒரு மூடையை எடுத்துவந்து தெரிந்த கடையில் நிறுத்தால் இன்னும் இரண்டு கிலோ கூட இருந்தது. நூற்றுச் சொச்சம் மூடைக்கு எவ்வளவு போயிருக்கும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். அடுத்த போகம் ஒரு தொங்கு தராசு வாங்கினேன். பக்கத்து வயற்காரர் நால்வர் சேர்ந்து தறப்பாள் வாங்கி, நெல்லை மூன்று வெயில் காயவிட்டு, ஈரம் 14 வீதத்துக்கு இறங்கியபின்தான் விலை பேசுகிறோம். பல்லில் கடித்தால் 'டக்' என்று உடைய வேண்டும், மாமா சொன்ன அளவு அதுதான். அறுவடை வாரத்தில் விற்பதற்கும் இரண்டு மாதம் வைத்து விற்பதற்கும் உள்ள விலை வித்தியாசம், சில வருடம் எனக்கு அடுத்த போகத்து உழவுச் செலவையே கொடுத்திருக்கிறது. கடன் வாங்கி விதைத்தவர்களால் அப்படி வைத்திருக்க முடியாது. அதனால்தான் பசளைக் கடையில் 'அறுவடைக்குத் தாறன்' என்று எழுதிவைப்பதைக் கூடியவரை குறைக்கச் சொல்கிறேன். அந்தக் கடனைக் கொடுத்தவரே நெல்லை வாங்க வருவார், விலையும் அவரே சொல்வார்.

2021இல் இரசாயனப் பசளைக்குத் தடை வந்தது. சேதனப் பசளை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, மாட்டெருவும் வைக்கோலும் போட்டுத்தான் என் நிலம் இருக்கிறது. ஆனால் ஒரே போகத்தில் மாற்றச் சொன்னால் மண் கேட்காது. தடையை நவம்பரில் எடுத்தார்கள், அதற்குள் பயிர் மஞ்சளாகிவிட்டது. நல்ல வருடத்தில் ஏக்கருக்கு 28 மூடை தந்த வயல் அந்தப் போகம் 11 தந்தது. அடுத்த வருடம் நாடே நெருக்கடியில், யூரியா மூடை 40,000 ரூபாய்க்குப் போனது. வைக்கோலை எரிக்காமல் வயலிலேயே மடித்து உழுதிருந்த துண்டில் மட்டும் 16 மூடை வந்தது. அதற்குப் பிறகு எங்கள் வட்டையில் வைக்கோல் எரிக்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள்.

தென்னை பற்றி எழுதாவிட்டால் எழுவான்கரை கோபித்துக்கொள்ளும். எனக்குப் பன்னிரண்டு வயதில், 1978 நவம்பர் 23இல், சூறாவளி. எங்கள் வளவில் 62 தென்னை நின்றது, விடிந்து எண்ணினால் நாலு. ஒரு மரம் அடுக்களைக் கூரையில் கிடந்தது. அப்பா அன்று பேசவே இல்லை. தென்னையை நம்பியிருந்த குடும்பங்கள் அதற்குப் பிறகுதான் பிள்ளைகளை அரசாங்க வேலைக்குத் தள்ளத் தொடங்கின, நான் ஆசிரியரானதும் அந்தக் காற்றால்தான். 2004 மார்கழி 26இல் கடல் வந்தது. நாவலடியும் கல்லாறும் கல்முனைக் கரையும் போயின. அந்த நாட்களில் படுவான்கரைச் சனம் அரிசியும் மரக்கறியும் கட்டி இந்தக் கரைக்கு அனுப்பியது. வயல் தூரத்தில் இருப்பது தொல்லை என்று அதுவரை நினைத்திருந்தேன். கடலுக்கு எட்டாத இடத்தில் சோறு இருக்கிறது என்பதை அன்று கண்டேன்.

மாடுகளுக்கு இப்போது கஷ்ட காலம். பெரும்போகத்தில் வயல் முழுக்கப் பயிர் நிற்கும்போது பட்டிகளை மேற்கே மேய்ச்சல் தரைக்குக் கொண்டுபோவது பழைய ஒழுங்கு. மயிலத்தமடு, மாதவணைப் பக்கத்து மேய்ச்சல் தரையில் வெளியார் பயிர் செய்யத் தொடங்கியதால், பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரிலிருந்து சித்தாண்டியில் போராட்டம் இருந்தார்கள். மேய்ச்சல் தரை போனால் மாடு வயலுக்குள் வரும், வயற்காரனும் மாட்டுக்காரனும் அடிபடுவார்கள், எருவும் தயிரும் போகும். மேய்ச்சல் தரையை எல்லை போட்டு வர்த்தமானியில் அறிவிக்க வேண்டும் என்று எங்கள் விவசாய அமைப்பும் கடிதம் கொடுத்திருக்கிறது.

மாமா இரண்டு வருடத்துக்கு முன் போய்விட்டார். கடைசிப் போகத்திலும் வந்து வரம்பில் நின்று, தலைமடையில் தண்ணீர் எத்தனை விரல் நிற்கிறது என்று பார்த்தவர். இந்தப் போகம் ஆரம்பக் கூட்டத்துக்கு மகளையும் கூட்டிப்போனேன். வங்கியில் வேலை பார்க்கிறாள், சனி ஞாயிறு வருகிறேன் என்கிறாள். பேமிற் காணிக்குப் பின்னுரித்தாளராக அவள் பெயரைப் போன மாதமே பதிந்தாயிற்று. வட்டவிதானை பதிவேட்டை அவள் பக்கம் திருப்பி, என் பெயருக்குக் கீழே கையெழுத்து வாங்கினார்.

"வாய்க்கால் துப்புரவு ஞாயிறு விடிய ஆறு மணிக்கு. மண்வெட்டி கொண்டு வரணும் பிள்ள," என்றார்.